உடைக்காத தேங்காய்

போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பு, கருப்பசாமிக்கு அரிவாள் நட்டிருக்கும் வளைவில் உறுமிக்கொண்டே நிற்கிறது. பின்னால் ராமர் கிடக்கிறான். ஏலச்செடித் தூரில் காய் பறிக்கக் கை விட்டபோது பாம்பு கொத்தியது. முழங்கை வரை கருத்து வீங்கியிருக்கிறது. தலை மனைவி அன்னக்கொடியின் மடியில். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி, எப்போதும் கருப்புச் சட்டை போடும் எஸ்டேட் கம்பவுண்டர் வீரணன் கத்துகிறார். இந்த இடத்தில் தேங்காய் உடைக்காமல் டிரைவர் காசிமாயன் ஒருநாளும் மலை இறங்கியதில்லை.

"விஷம் ஏறுது, நீ கல்லுக்கு விருந்து வைக்கிறியா? மருந்து போடி ஆஸ்பத்திரியிலதான்யா இருக்கு. உன் சாமி நெசம்னா ரோட்ட ஏன்யா இத்தன வளைச்சு வச்சிருக்கு?"

"வளைச்சது இஞ்சினியருண்ணே. அதான் சாமியக் காவலுக்கு வச்சிருக்கோம்."

ராமர்கூடச் சிரிக்கப் பார்க்கிறான். சிரிப்பு வாயோரத்தில் நுரையாக வழிகிறது. மஞ்சுப் பனி இறங்கி ஈரமான சூடத்தில் காசிமாயன் வைக்கும் மூன்றாவது தீக்குச்சியும் அணைகிறது. கம்பவுண்டரின் விரல்கள் மணிக்கட்டில் இடம் மாற்றி மாற்றித் தேடுகின்றன. பிறகு கழுத்தில் தேடுகின்றன. அன்னக்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"காசிமாயா..." கம்பவுண்டர் கழுத்திலிருந்து விரலை எடுக்காமலே சொல்கிறார். "அந்தத் தேங்காய வெரசா உடைப்பா."

காசிமாயன் நிமிர்ந்து அவரைப் பார்க்கிறான். பிறகு தேங்காயை அப்படியே ஜீப்புக்குள் போட்டுவிட்டு, சாமியைத் திரும்பியும் பார்க்காமல் வண்டியை எடுக்கிறான். வளைவுக்கு வளைவு, அன்னக்கொடியின் காலடியில் அந்தத் தேங்காய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்கிறது.