நுண்ணோக்கியில் ஒரு சீஸ் துணுக்கு

“நோன்பு மாசத்துல, அதுவும் தூசியே நுழையக் கூடாத அறைக்குள்ள, எவனோ உட்கார்ந்து சீஸ் ரொட்டி தின்னிருக்கான்.”

நாஹித் போட்ட சத்தத்தில் கெய்ரோவின் அந்த நானோ ஆய்வு மையமே கூடிவிட்டது.

மூன்று மாதம் மாய்ந்து மாய்ந்து செய்த சிலிக்கான் தகடு. வியாழக்கிழமை தேர்வுக் குழு முன்னால் வைத்தால்தான் அவளுக்கு டாக்டர் பட்டம். அதன் மேல் ஒரு துணுக்கு. எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைச் சோதித்து, சீஸில் இருக்கும் உப்பு, கால்சியம், பாஸ்பரஸ் என்று புட்டுப் புட்டு வைத்துவிட்டது.

“இயக்குநருக்குப் புகார் எழுதப் போறேன். தின்னவன் சீட்டுக் கிழியட்டும்.”

எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஷவ்கி ஹாஜியார் நெற்றியைத் துடைத்தார். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர். ஆனாலும் மையத்தில் தொழுகையை முன்னின்று நடத்துவது அவர்தான். “அல்லாஹ்வுக்கே வெளிச்சம்மா” என்று முனகினார்.

“எழுதாதே நாஹித். அது நான்தான்” என்றார் பேராசிரியர் வகீஹ்.

“டாக்டர், நீங்களா?”

“நான் கிறிஸ்தவன்தானே. பசிச்சுது. நோன்பு இருக்கிறவங்க முன்னாடி திங்கக் கூச்சமா இருந்துச்சு.”

“அதுக்கு அந்த அறைதான் கிடைச்சுதா? வாய்க்குத் துணி கட்டாம உள்ளே போகாதேன்னு எங்களை விரட்டுறதே நீங்கதானே?”

“புத்தி கெட்டுப் போச்சு. கூடவே இருந்து புதுத் தகடு செஞ்சு தர்றேன். செய்முறைதான் கைக்கு வந்துடுச்சே, ராப்பகலா உட்கார்ந்தா சில நாள் போதும். குழுவையும் ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்றேன்.”

நாஹித் புகார் எழுதவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? அந்த வாரம் முழுக்க அவரை ‘சீஸ் டாக்டர்’ என்றே கூப்பிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மனுஷன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அடுத்த வியாழன் பட்டம் உறுதியானது. அன்றே நோன்பு திறக்க மையத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நாஹித் சீஸ் சமோசாத் தட்டோடு வந்தாள்.

“சீஸ் டாக்டருக்குத்தான் முதல்ல.”

“வேண்டாம்மா” என்று குரலைத் தாழ்த்தினார் வகீஹ். “எங்களுக்கும் தவக்காலம் நடக்குது. இருபது நாளா பால், முட்டை, சீஸ் எதையும் தொட...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் ஹாஜியார் குனிந்த தலை நிமிரவில்லை. கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தின்னாமல் கீழே வைத்தார்.

நாஹித்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டை மெல்ல ஹாஜியார் பக்கம் நகர்த்தி, அவர் காதோரம் குனிந்தாள்.

“எடுத்துக்குங்க ஹாஜியாரே. நாளைக்கு மத்தியானம் தலை சுத்தினா என் அறைக்கு வந்து சாப்பிடுங்க. யாராவது கேட்டா, தின்னது நாஹித்னு சொல்லிடுங்க.”