வரிசையில் இரண்டாவது

மோடத்தின் சிவப்பு விளக்கு மறுபடியும் அணைந்தது.

பம்பாய் லைன் போய்விட்டது. நாற்பது நிமிடம் ஓடியிருந்தது.

கணினி அறையின் குளிரில் அவனுக்குப் பல் கிட்டியது.

திங்கட்கிழமையிலிருந்து இதே கதைதான். சென்னையிலிருந்து பம்பாய்க் கணினி, அங்கிருந்து கடல் தாண்டி இன்னொன்று என்று கைமாற்றிக் கைமாற்றிக் கடிதத்தைக் கொண்டுபோகும் மென்பொருள். நாணயமானதுதான். ஒரே ஒரு குறை. பாதியில் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கும்.

வரிசையில் முதலில் நின்றது பேராசிரியர் சபேசனின் ஆய்வுக் கோப்பு. எட்டு லட்சம் எழுத்து. லைன் இரண்டு மணி நேரம் அறாமல் நின்றால்தான் போகும்.

அதற்குப் பின்னால் அவனுடைய கடிதம்.

நாலு வரி. மூன்று விநாடி வேலை.

அமெரிக்காவில் படிக்கும் அண்ணனுக்கு. அப்பா விஷயத்தில் டாக்டர் கையை விரித்துவிட்டார். அண்ணன் ஜாகை மாறியதில் தந்தி திரும்பி வந்துவிட்டது. போன் நம்பரும் இல்லை. மிச்சமிருந்தது கணினி முகவரி ஒன்றுதான்.

ஒரு கட்டளை அடித்தால் நாலு வரியும் முன்னால் வந்துவிடும்.

அலுவலக வேலை முதலில், சொந்தக் கடிதம் அப்புறம். அந்த விதியைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டியவன் அவன்தான். போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி கெஞ்சிக்கூடப் பார்த்தாள். "வரிசைன்னா வரிசைதாம்மா" என்று அனுப்பிவிட்டான். அவள் வெளியே நின்று கண்ணைத் துடைத்ததையும் பார்த்தான்.

திங்களன்று கை வைக்கவில்லை.

செவ்வாயும் வைக்கவில்லை.

புதனன்று கட்டளையைப் பாதிவரை அடித்தான். லைன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணிதானே என்று அழித்துவிட்டான்.

பத்தாம் நிமிடம் அறுந்தது.

ஆஸ்பத்திரியில் தங்கை கேட்டபோதெல்லாம் "அனுப்பியாச்சு" என்றான். வரிசையில் வைத்தாயிற்று. அவனைப் பொறுத்தவரை அது அனுப்பியதுதான்.

அப்பா வாசல் பக்கமே தலையைத் திருப்பிப் படுத்திருந்தார்.

இன்று வியாழன். பதினொன்றுக்குச் சற்று முன்னால் லைன் திரும்பக் கிடைத்தது. விளக்கு எரிந்தது.

ஒரு மணி நேரம்.

ஒன்றரை.

மேசைத் தொலைபேசி அடித்தது. தங்கை. அழுது முடித்த குரல்.

"சின்னண்ணா, பெரியண்ணன் வர்ற வரைக்கும் அப்பாவ வச்சிருக்கலாமான்னு சித்தப்பா கேக்குறாரு. அண்ணன் எப்பக் கிளம்புனாராம்?"

அவன் கண் விளக்கின் மேலேயே இருந்தது.

"வச்சிருக்க வேணாம்."

"ஏண்ணா?"

ரிசீவரை வைத்தான்.

விளக்கு அணையவில்லை. அணைந்தால் தேவலை என்று முதல்முறையாக நினைத்தான்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. பேராசிரியரின் கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்தது அவனுடையது. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே கிளம்பு.

நிறுத்தியிருக்கலாம்.

மூன்று விநாடி.

போயிற்று.

சபேசன் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"போயிருச்சாப்பா?"

"போயிருச்சு சார்."

"நாலு நாளா மனுஷன் தூங்கலய்யா. ஒன்னாலதான் ஆச்சு."

தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவன் புதிதாக ஒரு கடிதம் திறந்தான். வரிசையில் முன்னால் எதுவும் இல்லை. லைனும் அறவில்லை.

அண்ணா, என்று அடித்தான்.

வெகுநேரம் கழித்து அடுத்த வரியை அடித்தான்.

அவசரமில்லை. நிதானமாக வா.