அப்பாவின் கார் வழிவிடவில்லை

குணாளன் ஈர வேட்டியோடு காரின் பக்கத்தில் நின்று, ரிமோட் சாவியைத் தாடையில் வைத்து அழுத்தினான்.

கார் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ வச்சுப் பாருங்கண்ணே. மண்ட ஏரியல் மாதிரி வேல செய்யுமாம்லா," என்றான் பக்கத்து வீட்டு ஹாரிஸ், கைப்பேசியைப் பார்த்தபடி.

கூடத்தில் அப்பா சந்திரசேகரன் மாலையோடு பெட்டிக்குள் கிடந்தார். பாயான் பாரு குடியிருப்பின் அந்தச் சின்ன வீட்டில், வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அவருடைய கார். ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். வெறும் பெட்டியைக் காலையில் சாய்த்து உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஆளோடு சாய்க்க முடியாது.

மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் நாளைக்குத்தான்.

சாவி மேசை இழுப்பறையில் கிடைத்தது. புது பேட்டரி போட்டாயிற்று. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் மட்டும் அதை முன்பின் பார்த்திராதது போல நின்றது.

ரிமோட்டுக்குள் செருகியிருந்த இரும்புச் சாவியைக் கதவில் நுழைத்துப் பார்த்தார்கள். திரும்பவில்லை.

தள்ளிப் பார்ப்போம் என்று சித்தப்பா முதுகைக் கொடுத்தார். கார் அலறியது. அழுது ஓய்ந்திருந்த பெண்கள் சத்தம் கேட்டு மறுபடியும் அழுதார்கள்.

அருகில் வேறு அலைவரிசை இருக்கக் கூடாதாம். ஹாரிஸ் வாசித்ததும் துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் கைப்பேசியை அணைத்தார்கள். ஓதுவாரின் மைக்கையும் வாங்கி வைத்தார்கள். அவர் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெறுங்குரலில் பாடினார்.

"காருக்கு மேலயே தூக்கிடலாம், வாங்க," என்றார் சித்தப்பா.

பெட்டியின் முனை வாசற்படியைத் தாண்டியது.

கார் விழித்துக்கொண்டது. விளக்குகள் இரண்டு தரம் சிமிட்டின. மடங்கியிருந்த கண்ணாடிகள் மெல்ல விரிந்தன. கதவின் பூட்டு டக்கென்று விட்டது.

ஓதுவார் பாட்டை நிறுத்தினார். சித்தப்பா காரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெட்டியை உள்ளே இழுத்தார்கள். கார் பூட்டிக்கொண்டது. வெளியே கொண்டுவந்தார்கள். திறந்துகொண்டது. சந்தேகம் தீர இன்னொரு முறையும் செய்து பார்த்தார்கள்.

"சாவி அவரு சட்டப் பையில இருக்கு," என்றாள் அம்மா ஜெகதீஸ்வரி, கூடத்திலிருந்து எழுந்து வந்து. "நாந்தான் வச்சேன். உங் கையில இருக்கிறது வித்த காரோட சாவி, குணா."

வாய்க்கரிசி போட்டு, மூடியைத் திருகி இறுக்கியாயிற்று. திறக்கலாமா என்று எல்லாரும் ஓதுவாரைப் பார்த்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஆகவே பெட்டியின் முன்பாதியைக் காரின் பானெட்டுக்கு மேல் ஏற்றி, முன்கண்ணாடியோடு ஒட்டி வைத்தார்கள். பின்பாதியை நான்கு பேர் தாங்கினார்கள். சாவி இவ்வளவு பக்கத்தில் இருந்தால் காருக்குப் போதுமாம்.

குணாளன் ஒருக்களித்து நுழைந்து வருவதற்குள், அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளை ஒரு நாளும் அங்கே உட்கார விட்டதில்லை.

"ஒனக்கு எங்கம்மா ஓட்டத் தெரியும்?"

அப்பா ஆறடி. அம்மா அவர் தோளுக்கும் எட்டமாட்டாள். கால் எட்டாதே என்று குணாளன் குனிந்து, இருக்கையை முன்னால் இழுக்கும் பிடியைத் தேடினான்.

இழுக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கால் பிரேக்கில் அழகாகப் பதிந்திருந்தது.

"அப்பாக்குக் கண்ணு சரியா தெரியாம ரெண்டு வருசமாச்சு," என்றாள் அம்மா, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "சாவி அவரு பையில இருக்கும். நான் ஓட்டுவேன். முச்சந்தியில எறங்கி எடம் மாறிக்குவோம். அங்கேருந்து வாசல் வரைக்கும் அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல இருந்து சொல்லுவேன். போன ஞாயித்துக்கெழம மட்டும் முடியலன்னாரு. நீயே உள்ள விட்டுருன்னாரு."

பொத்தானை அழுத்தினாள். கார் மறுக்கவில்லை.

கார் பின்னால் நகர நகர, நான்கு பேரும் பெட்டியைத் தாங்கியபடி கூடவே நடந்தார்கள். "லெப்ட்டு, லெப்ட்டு," என்று ஹாரிஸ் கையை ஆட்டினான். அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டின் எந்தப் பக்கமும் உரசாமல் கார் தெருவுக்கு வந்தது.

பெட்டியை இறக்கிச் சவ வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பியது.

அம்மாவின் கார் விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது. சாவியைக் காணவில்லை, நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று எதிரே எழுத்து மின்னியது.

அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஞ்சினை நிறுத்தவில்லை.