திரையில் தெரிந்த முகம்

ஒரு காட்டில் பழைய செய்யுள் நாடகம் ஒன்றைப் படம் எடுத்தார்கள். ராஜா வேடம் சிங்கத்துக்கு. மேடையில் கர்ஜித்தே பேர் வாங்கியது அது.

"கேமரா பக்கத்துலதான் இருக்கு. மந்திரி காதுல சொல்ற மாதிரி சொல்லுங்க, போதும்" என்று பழக்கியது இயக்குநர் கொக்கு.

சிங்கம் பாடுபட்டுக் குரலைத் தணித்து, மந்திரியாக நின்ற ஆட்டின் காதருகே குனிந்து, பாட்டு முழுவதையும் மெல்லச் சொல்லி முடித்தது.

படத்தைப் போட்டுப் பார்த்தால், குரல் மட்டும்தான் சிங்கத்தினுடையது. திரை முழுக்க ஆட்டின் முகம். கண் கலங்கி, காது நடுங்கி, அப்படியொரு நடிப்பு என்று எல்லாரும் உருகினார்கள்.

சிங்கத்துக்கு வயிறு எரிந்தது. "உனக்கு யாருடா சொல்லிக்கொடுத்தது?"

"யாருமில்லீங்க ராஜா" என்றது ஆடு. "அன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு வர லேட்டாயிடுச்சு."