மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்

தேக்கா உணவங்காடியில் என் மேசைமேல் இன்றைக்கும் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது.

என் மேசை என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லைதான். ஆனாலும் வேலை போனதிலிருந்து புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறி இங்கே வந்து, ஹலீமாவின் டீக்கடைக்கு எதிரே, அந்த மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். போன வாரத்திலிருந்து யாரோ எனக்கு முன்னால் பாக்கெட்டை வைத்துவிடுகிறார்கள்.

இந்த ஊரில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கால் வலிக்கிறவர்கூட நின்றுகொண்டுதான் குடிப்பார்.

நானும் தே தாரிக் டீயோடு தூணோரமாக நின்றேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சத்தத்தில் பேச்சுக்குரல்கள் கரைந்துபோயின. டீயின் ஆவிக்கு அப்பால் மனிதர்கள் மெதுவாக, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் நடந்தார்கள்.

கைப்பேசியில் அந்த விளம்பரம் திறந்தே இருந்தது. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை. சீனியர் அட்மினிஸ்ட்ரேட்டிவ் அனலிஸ்ட். இன்று மதியத்தோடு முடிகிறது.

அது என்ன வேலை என்று என் வீட்டுக்காரர் அன்வருக்கே இன்றுவரை விளங்கவில்லை. ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, நடுவில் எங்கே படுத்துத் தூங்குகிறது, ஒரே வேலையை எந்த இரண்டு பேர் தனித்தனியாகச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பார்த்ததை யார் மனமும் நோகாமல் மேலே சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

அந்தக் கண் சும்மா இருக்காது. வடைக்கடை வரிசை, காலித் தட்டு வைக்கிற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மனசுக்குள் தட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். வரிசை அழகாக வளைந்து ஓடியது. கண்ணைத் திறந்தால் முட்டிக்கொண்டுதான் நின்றது.

இந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

ஆனால் எதற்கு விண்ணப்பிப்பது? தமிழும் மலாயும் பேசத் தெரிய வேண்டுமாம். ஷிஃப்ட் ஆட்களோடு பழகியிருக்க வேண்டுமாம். தொழிற்சாலைக்குள் நடந்து நடந்து வேலை கற்றவராக இருக்க வேண்டுமாம். மூன்றாவது வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இது யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த மகராசி உள்ளேயே இருப்பாள். விளம்பரம் சும்மா ஊருக்கு.

எனக்கா தெரியாது? என்னிடம் வேலை பார்த்த ரமீஸைப் பழைய கம்பெனி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தபோது, அவனைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத மாதிரி ஒரு விளம்பரத்தை நானே எழுதிக் கொடுத்தவள். பிழைத்துக்கொண்டான். இப்போது ஜூரோங் பக்கம் எங்கோ பெரிய வேலையில் இருக்கிறான்.

அவனிடமிருந்து இன்றைக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. “அக்கா, பாத்தீங்களா?”

எதைப் பார்க்க? ஏதாவது ஆறுதல் வீடியோ அனுப்பியிருப்பான். அவன் கையால் எனக்கு ஆறுதலா? திறக்கவே இல்லை.

அந்த மகராசியைத்தான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி ஜன்னல். வெளியே பாரந்தூக்கிகள் மழையில் நனைகின்றன. அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் குடை சொட்டுகிறது. இந்த ஒரு வாரமாக எத்தனையோ தடவை அவளைப் பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பாவி, கொடுத்துவைத்தவள்.

“யக்கா! அது உங்களுக்குப் பிடிச்சு வச்ச இடம்லா!” ஹலீமா கடைக்குள்ளிருந்து கத்தினாள். “ஒரு வாரமா நானும் பாக்கெட்ட வைக்கிறேன், நீங்க அதப் பாத்துட்டுப் போய்த் தூண்ல சாஞ்சுக்கிறீங்க!”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். கண் ஏன் எரிந்தது என்று தெரியவில்லை.

போய் உட்கார்ந்தேன். பாக்கெட்டை ஓரமாக நகர்த்தினேன். மின்விசிறிக் காற்று நெற்றியில் பட்டது.

இத்தனை மாதமாக எல்லோரும் ‘வருந்துகிறோம்’ என்றே பதில் போட்டுப் போட்டு, எனக்கென்று ஓர் இடத்தை யாராவது வைத்திருக்கக்கூடும் என்பதே மறந்துபோயிருந்தது.

விளம்பரத்தை மறுபடி எடுத்தேன். இதுவரை படிக்காத நான்காவது வரிக்குப் போனேன்.

‘வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் ஊழியர்கள் வண்டியைத் தவறவிடாதபடி, கம்பெனிப் பேருந்து நேரங்களை மாற்றியமைத்த அனுபவம் விரும்பத்தக்கது.’

பழைய தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்கள் பேருந்துக்குப் பின்னால் வெயிலில் ஓடுவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் சொல்லாமலே உட்கார்ந்து நேரங்களை மாற்றி எழுதினேன். மேலே இருப்பவர்கள் அதைக் கவனித்ததுகூட இல்லை. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன் ரமீஸ் ஒருவன்தான்.

ஜன்னலோரப் பெண் மெதுவாகத் திரும்பினாள்.

மழை விடவில்லை. பெயர் என்ற இடத்தில் பதுருன்னிசா என்று எழுதினேன். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. மதியத்துக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.

அப்புறம் ஹலீமாவின் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு தாளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரமீஸுக்குப் பதில் போட்டேன்.

“இப்பதான் பாத்தேன், தம்பி.”