மை பூசிய பெயர்கள்

"நாளைக்கு வாம்மா."

ரெக்கார்டு ரூம் அக்கா இதைச் சொல்லாத நாள் கிடையாது. எந்தக் கட்டைக் கேட்டாலும் மறுநாள்தான் கைக்கு வரும். ஆராய்ச்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கேட்டது பழைய மில் விடுதி விசாரணைக் கட்டுகளை. மேஸ்திரி செய்த அக்கிரமத்தை அங்கே தங்கியிருந்த பெண்கள் அழுதுகொண்டே சொன்ன வாக்குமூலம். 'ஆதாரம் போதவில்லை' என்று அப்போதே மூடிவிட்டார்கள்.

வந்த கட்டுகளில் எல்லாம் பெண்களின் பெயர்மேல் கறுப்பு மை. 'பெயர்களை அழித்தது மில் நிர்வாகத்தின் மோசடி' என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டாள். பேராசிரியரும் பிரமாதம் என்றார்.

இன்றைக்குப் பொறுமை போய், அக்காவின் மேஜையில் இருந்த கட்டை அவளே அள்ளிக்கொண்டு போய்ப் புரட்டினாள். விரலெல்லாம் மை.

முப்பது வருஷத்து மை ஈரமாகவா இருக்கும்?

விறுவிறுவென்று திரும்பி வந்தாள். "அக்கா, இது உங்க வேலையா?"

"ஆமாம்மா."

"மில்காரன் எவ்வளவு கொடுத்தான்?"

"அவன் எங்க இருக்கான்? மில்லுல புல்லு முளைச்சுக் கிடக்கு."

"ஆவணத்தை அழிச்சா ஜெயில். இப்பவே மேலதிகாரிகிட்டப் போறேன்."

"போ. ஆனா இதைக் கேட்டுட்டுப் போ. அந்தப் பொண்ணுங்க இந்த ஊர்லதான் இருக்காங்க. பேரன் பேத்தி எடுத்தாச்சு. கட்டினவனுக்கே விஷயம் தெரியாது. நீ பட்டம் வாங்கிட்டுப் போயிடுவ. அவங்க தெருவுல நடக்க வேணாமா?"

"நான் பேரை மாத்தித்தான் எழுதுவேன்!"

"நீ மாத்துவ. உனக்கப்புறம் இந்தக் கட்டைப் பிரிக்கிறவன்?"

மாணவி விடவில்லை.

"பேரே இல்லாட்டி எவன் நம்புவான்? எல்லாம் கட்டுக்கதைன்னு ஊதித் தள்ளிடுவாங்க. அந்த மேஸ்திரி இன்னிக்கும் பெரிய மனுஷனாத் திரியறான்!"

அக்கா அடுத்த கட்டைப் பிரித்து, மைப்புட்டியைத் திறந்தாள்.

மாணவி கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒரு பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இதை மட்டும் விட்டு வச்சிருக்கீங்க! இவ பாவமில்லையா? இவ மானம் மட்டும் சந்தி சிரிக்கலாமா?"

அக்கா மைப்புட்டியை மூடிவிட்டு, ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அது எம் பேரும்மா. உக்காரு. அன்னிக்கு விசாரிச்சவங்க எழுதாம விட்டதையும் சொல்றேன்."