வாலுக்குக் கீழே ஒரு வழி

சண்டையில் ஜெயிக்க மாயழகு கம்பும் சோளமுமாக ஊட்டி வளர்த்த கிடாவுக்குக் கல் அடைத்து, இரண்டு நாளாக மூத்திரம் போகவில்லை. குறியின் நுனியை நறுக்கியும் பலனில்லை. வாலுக்குக் கீழே வெட்டி வழி திறக்க வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர் ஜெசிந்தா.

“பொட்டையாடு கணக்கா பின்னாடி போகுமா? அதுக்குச் செத்தே போகட்டும் டாக்டரம்மா. ஊருல தலை காட்ட முடியுமா?” என்றான் மாயழகு.

இவனுக்கு மண்டையிலும் கல்தான் என்று நினைத்துக்கொண்டார் ஜெசிந்தா.

“கிடா வலியில கத்துது, இவுகளுக்கு ஊரு! நீங்க வெட்டுங்கம்மா,” என்றாள் அவன் மனைவி செல்லக்கனி.

வெட்டித் தையல் போட்டு முடித்த சாயங்காலம் கிடா எழுந்து, காலை அகட்டி, வாலுக்கடியிலிருந்து நெடுநேரம் பெய்தது. வாசலில் ஆட்கள் நின்றார்கள். மாயழகு பதறிப்போய்த் துண்டை விரித்து அதன் பின்புறத்தை மறைத்துப் பிடித்தான். துண்டு நனைந்து சொட்டியது.

“இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க,” என்றார் ஜெசிந்தா. “உங்க மீசை தெரியுது.”